தகர இருப்பு

மாநகராட்சிக் கிட்டங்கியில் அந்தச் சித்திரையில்
வந்து இறங்கிய தகரம் நானூற்றுப் பன்னிரண்டு.
எட்டடி உயரம், மூன்றடி அகலம், நீலப் பூச்சு.
சவுக்குக் கம்பு இரண்டு லோடு.
ஆணி கிலோக் கணக்கில் வந்தது,
எண்ணிக் கொடுக்கச் சொன்னார்கள்,
தகரத்துக்கு ஆறு.
நான் ஐந்துதான் கொடுத்தேன்.
இருபது வருஷம் ஸ்டோரில் இருந்தவன் கை அப்படித்தான் எண்ணும்.

காலையில் கண்ட்ரோல் ரூமிலிருந்து தாள் வரும்.
தெரு, கதவிலக்கம், எத்தனை பேர்.
பெயர் எழுதக் கூடாதென்று உத்தரவு.
எழுதாமலே தெரிந்தது ஒருநாள்,
டவுனில் அந்தச் சந்தில் அந்த எண்
என் சகலை வீடு.
பன்னிரண்டு தகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு
போன் அடித்தேன்.
'என்னவே, ஒம்ம தகரம் பளபளன்னு இருக்கு,
மூஞ்சி பாத்து தல சீவிக்கிடலாம்' என்றான்.

சுத்தியல், கட்டிங் பிளேயர்,
காலையில் கொண்டுபோனதைச் சாயங்காலம் ஆறு மணிக்குள்
திருப்பி வைத்துவிட வேண்டும்.
சாவி என்னிடம்.
நான் தூங்குவது தச்சநல்லூரில்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

வைகாசி. ராத்திரி ஒன்றே முக்கால்.
பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு.
சங்கரவடிவு, மாவு அரைத்து விற்கிறவள்.
விரலில் மாட்டிய கருவி எழுபத்தொன்பது காட்டுகிறது.
தகரத்துக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்,
அந்தப் பக்கம் அவள், பிளாஸ்டிக் நாற்காலியில்.
கண்ட்ரோல் ரூம் பையன் என்னைக் கூப்பிடுகிறான்,
'சார், பிளேயர் வேணும்.'
'இருபது நிமிஷம்' என்கிறேன்.
சட்டை மாட்டினேன்.
பொத்தான் எல்லாவற்றையும் போட்டேன்.
பிற்பாடு எந்த விசாரணையிலும்
பொத்தானைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஈரடுக்குப் பாலத்தில் நானும் இரண்டு நாயும்.
கிட்டங்கிப் பூட்டில் நான் சாவியைத் திருப்பும்போது
அங்கே மூக்காண்டி,
மருந்தடிக்கிற ராத்திரி ஷிஃப்டில் நின்றவன்,
ஓங்கி மிதித்துவிட்டிருந்தான்.
இரண்டே மிதி.
தகரம் தெருவில் படுத்தது,
அதன் மேலேயே ஸ்ட்ரெச்சர் உருண்டது.
'நான் அடிச்ச தகரம் சார்,
ரெண்டு மிதியில விட்டுட்டே' என்று
பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டான்.
ஆறாவது ஆணியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆடியில் திரும்பி வந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
குறைவு பதினைந்து.
ஆடிட்காரர் பச்சை மையால் வட்டம் போட்டார்.
தேடிப் போனேன்.
இரண்டு, ராமையன்பட்டியில் ஆட்டுக் கொட்டிலின் மேல்.
ஒன்று, குளிக்கிற மறைப்பு. உள்ளே ஆள் இருந்ததால் எண்ணிவிட்டு வந்துவிட்டேன்.
ஒன்று, பேட்டையில் மாவுக் கடைக்கு முன்சரிவு,
நடுவில் பூட்ஸ் குதிகால் அளவுக்குப் பள்ளம்.
மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்குமாம்.
அதற்கு அடியில், இருபத்திரண்டு நாள்
ஹைகிரவுண்டில் கிடந்து வந்தவள்
'அண்ணாச்சிக்கு' என்று சொல்லி ஒரு மூச்சு இழுத்தாள்,
'எவ்வளவு' என்று சொல்லி இன்னொன்று.

அரைக் கிலோ வாங்கினேன்.

மூன்று வீடு தள்ளி ஒரு கதவில்
எங்கள் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது.
லெட்சுமணப்பெருமாள், பள்ளிக்கூட வாட்ச்மேன்.
நேரங்கெட்ட நேரத்தில் யாரை எழுப்ப என்று
போனே அடிக்கவில்லையாம்.
அவருக்குத் தகரம் இடைஞ்சலாக இருந்ததாகப்
பதிவு ஏதும் இல்லை.

பதினைந்துக்கும் 'சேதம்' என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில், 'காற்று'.
அந்த வருஷம் தென்மேற்கிலிருந்து நல்ல காற்றுதான்,
ஆடிட்காரர் தொப்பியே பறந்தது.

ஆணி பற்றிக் கேள்வி வரவில்லை.
தகரத்துக்கு ஒன்று வீதம், ஒரு பெயிண்ட் டப்பாவில்,
என் மேசைக்கு அடியில் இருக்கிறது.
கால் நீட்டினால் தட்டும்.